காலனோடு ஒரு வழக்கு (9): தெற்கு நோக்கி நடந்தவள்

தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிக்கிறவர்களுக்காக, சென்ற இரண்டு பகுதிகளும் சுருக்கமாக.

1914. அண்ணாமலை மேல் விரூபாட்ச குகை. மகனைப் பார்க்க வந்த அழகம்மாள் கடுஞ்சுரத்தில் விழுந்தார். நினைவு தப்பிப் பிதற்றும் அளவுக்குக் காய்ச்சல். பதினாறு வயதில் மதுரையில் சாவை எதிர்கொண்டு பயம் தெளிந்தவர் ரமணர். அவரே தாய்க்காக உட்கார்ந்து நான்கு பாடல்கள் எழுதினார். காலனுக்குக் காலனான அருணாசலத்திடம் ஒரு மகன் கொடுத்த மனு அது. காய்ச்சல் இறங்கியது. அழகம்மாள் 1922 மே 19 வரை இருந்தார்.

இன்னொன்று சங்கரதாஸ் சுவாமிகளின் கதை. தூத்துக்குடிச் சீமையில் பிறந்தவர். சாவித்திரி நாடகத்தில் எமனாக வேடம் கட்டி மேடைக்குப் பாய்ந்து வந்தவர் போட்ட கூச்சலில், கூட்டத்தில் இருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டது என்று நாடக உலகம் இன்றுவரை சொல்லும். சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்த்துறைக்குப் போனபோது அவரைக் கண்ட ஒரு பெண் அந்த அதிர்ச்சியிலேயே இறந்துபோனாள் என்பதும் அதே வாய்கள் சொல்லும் கதை. பிறகு சுவாமிகள் வேடம் கட்டுவதையே விட்டார். எழுத உட்கார்ந்தார். ‘சத்தியவான் சாவித்திரி’யும் அவர் எழுதித் தந்த நாடகங்களில் ஒன்று.

எமனைக் கண்டு நடுங்கிய காலம் அது. இந்த வாரம் எமனோடு பேசத் தொடங்கிய காலம்.

* * *

கிரிவலம் வருகிறவர்கள் நான் இருக்கும் அடி அண்ணாமலையை அடையுமுன் தெற்கே எமலிங்கத்தைக் கடந்தாக வேண்டும். எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். ஒவ்வொன்றும் அந்தந்தத் திசைக் காவலன் வழிபட்டது என்பது ஐதீகம். தெற்கு எமனுடையது. ஆயுள் வேண்டி அங்கே கற்பூரம் ஏற்றிவிட்டு, நிருதியையும் தாண்டி, மேற்கே அடி அண்ணாமலைக்கு வந்து ஆதி அருணாசலேசுவரர் கோயிலில் கொஞ்ச நேரம் உட்காருவார்கள். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இந்த இடத்தில்தான் என்று பக்கத்திலேயே அவருக்கும் ஒரு கோயில்.

இந்தப் பாதையில் எமன் வெறும் பக்தன். லிங்கத்தின் முன் கைகட்டி நிற்கிறவன். அவனுக்கு மேலே ஒரு மேலதிகாரி உட்கார்ந்திருக்கிறார். எமனைப் பிடிக்காதவர்கள் அந்த மேலதிகாரியிடம் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். மார்க்கண்டேயன் அதைத்தான் செய்தான். லிங்கத்தைக் கட்டிக்கொண்டான், சிவன் வந்து எமனை உதைத்தார். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு இன்றும் கூட்டம் அலைமோதுவது அந்த ஓர் உதையால். விரூபாட்ச குகையில் மகன் கொடுத்த மனுவும் அதே முகவரிக்குத்தான் போனது.

சாவித்திரி கதை அப்படியில்லை. அவளுக்காக ஒரு சாமியும் வரவில்லை. உதை விழவில்லை. எமனுக்கு மேலே இருப்பவர் யாரும் அவளுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுக்கவில்லை.

அவளிடம் இருந்தது வாய் மட்டும்.

* * *

மகாபாரதத்தில் இந்தக் கதையைத் தருமருக்குச் சொல்கிறவர் யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சாட்சாத் மார்க்கண்டேயர். கட்டிக்கொண்டு தப்பியவர், பேசித் தப்பவைத்தவளின் கதையைச் சொல்கிறார். வனவாசத்தில், திரௌபதி மாதிரி ஒரு பெண் உண்டா என்று தருமர் கேட்டதற்குப் பதில் அது.

மத்ர தேசத்து அசுவபதியின் மகள் சாவித்திரி. அவள் தேஜஸைப் பார்த்துப் பயந்து எந்த ராஜகுமாரனும் பெண் கேட்டு வரவில்லை. நீயே போய்த் தேடிக்கொள் என்று அப்பா தேரைக் கொடுத்து அனுப்பினார். கண்ணும் நாடும் இழந்து காட்டில் கிடந்த துயுமத்சேனனின் மகன் சத்தியவானைத் தேர்ந்தெடுத்துத் திரும்பினாள். அரண்மனையில் நாரதர் உட்கார்ந்திருந்தார். பையன் நல்லவன்தான், ஆனால் இன்றிலிருந்து ஒரு வருஷம்தான் என்றார்.

வேறு ஆளைப் பார் என்றார் அப்பா. பார்க்கமாட்டேன் என்றாள் மகள்.

அந்த ஒரு வருஷத்தின் கடைசி மூன்று நாள் அவள் பட்டினி கிடந்தாள். நான்காம் நாள் கணவனோடு காட்டுக்குப் போனாள். விறகு வெட்டிக்கொண்டிருந்தவன் தலை வலிக்கிறது என்று அவள் மடியில் சாய்ந்தான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும்.

எமன் தூதர்களை அனுப்பவில்லை. தானே வந்தான். கட்டைவிரல் அளவான உயிரைப் பாசக்கயிற்றில் கட்டி எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தான். சாவித்திரி எழுந்து பின்னாலேயே நடந்தாள். திரும்பிப் போ, சடங்கைச் செய் என்றான். அவள் அழவில்லை, காலில் விழவில்லை, சபிக்கவும் இல்லை. ஏழடி சேர்ந்து நடந்தவர்கள் நண்பர்கள் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே, நாம் நடந்துவிட்டோமே என்று பேச்சை ஆரம்பித்தாள். தருமத்தைப் பற்றிப் பேசினாள். நல்லோர் சேர்க்கையைப் பற்றிப் பேசினாள். அவன் பெயர் எமன் மட்டுமல்ல, தருமராஜனும்தான் என்று அவனுக்கே ஞாபகப்படுத்தினாள்.

எமனுக்குப் பேச்சு பிடித்துப்போயிற்று. உயிரைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் கேள் என்றான். மாமனாருக்குக் கண் கேட்டாள். அடுத்து அவருக்கு நாடு. அடுத்துத் தன் அப்பாவுக்கு நூறு பிள்ளைகள். ஒவ்வொரு வரத்துக்கும் நடுவில் பேச்சு. ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு இன்னும் சில அடி தெற்கே.

நான்காவதாகத் தனக்கும் சத்தியவானுக்கும் நூறு பிள்ளைகள் என்றாள்.

ஆகட்டும் என்றான் எமன். அங்கேதான் வழக்கு முடிந்தது. கொடுத்த வரம் பொய்யாகக் கூடாது, கணவன் இல்லாமல் வரம் மெய்யாகாது. தன் வார்த்தைக்குத் தானே கட்டுப்பட்டவனைக் கட்ட வேறு கயிறு வேண்டியதில்லை.

நம் வீடுகளில் மாசியும் பங்குனியும் சேரும் நேரத்தில் காரடையான் நோன்பு நோற்று, அடையும் வெண்ணெயும் படைத்து, மஞ்சள் சரடு கட்டிக்கொள்கிற பெண்களிடம் சாவித்திரியைப் பதிவிரதை என்றே சொல்லி வளர்த்திருக்கிறோம். அவள் பதிவிரதைதான். ஆனால் பதிவிரதைகள் ஆயிரம் பேர் தாலியறுத்திருக்கிறார்கள். இவள் ஜெயித்ததற்குக் காரணம் வேறு. ஸ்பெஷல் நாடகம் பார்த்துப் பழகிய நம் கிராமத்து ஆட்களுக்கு அது தெரியும். விடிய விடிய அவர்கள் காத்திருப்பது தர்க்கக் காட்சிக்குத்தான்.

* * *

சினிமா பிறந்த நாள் முதலே சாவித்திரி சினிமாவில் இருக்கிறாள்.

தாதாசாகேப் பால்கே ‘ராஜா ஹரிச்சந்திரா’வுக்கு அடுத்த ஆண்டே, 1914ல், ‘சத்யவான் சாவித்திரி’ எடுத்தார். விரூபாட்ச குகையில் அழகம்மாள் காய்ச்சலில் கிடந்த அதே ஆண்டு. 1923ல் கல்கத்தா மதன் கம்பெனியும் இத்தாலியர்களும் சேர்ந்து எடுத்த மௌனப் படத்தில் ரீனா தெ லிகோரோ என்ற இத்தாலிய நடிகை சாவித்திரியாக வந்தார். பேசும்படம் வந்த பிறகு 1933ல் தெலுங்கில் சி. புல்லையா எடுத்தார். அதில் எமனாக வந்த வேமூரி கக்கய்யாவின் குரலுக்கு ஆந்திரா அதிர்ந்தது. தமிழிலும் அதே ஆண்டு ஒரு ‘சத்தியவான் சாவித்திரி’ வந்து போனது.

நம் ஊரில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1921ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் ‘டெர் மூடே டோட்’ என்று ஒரு படம் எடுத்தார். காதலனை மரணம் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. காதலி அதன் வாசலுக்கே போய் நிற்கிறாள். உள்ளே ஒரு பெரிய கூடம் நிறைய மெழுகுவத்திகள், ஒவ்வொன்றும் ஓர் உயிர். அணையப்போகும் மூன்று சுடர்களைக் காட்டி, இதில் ஒன்றையாவது காப்பாற்று, உன் ஆளைத் தருகிறேன் என்கிறது மரணம். பாக்தாத், வெனிஸ், சீனா என்று மூன்று கதைகள். மூன்றிலும் தோற்கிறாள். கடைசியாக, ஒரு மணி நேரத்துக்குள் வேறு யாராவது தன் உயிரைத் தர இசைந்தால் போதும் என்கிறது. வாழ்ந்து அலுத்த கிழவர்கள்கூடத் தர மறுக்கிறார்கள். எரிகிற வீட்டுக்குள் ஒரு கைக்குழந்தை கிடைக்கிறது. அதை மரணத்திடம் நீட்டினால் காதலன் வருவான். நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை. குழந்தையைத் தாயிடம் சேர்த்துவிட்டுத் தானும் காதலனோடு போகிறாள்.

முதல் உலகப் போரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாடு வேறு எப்படி முடித்திருக்கும்? அங்கே மரணமே களைத்துப்போன ஓர் உத்தியோகஸ்தன். தன் வேலையை வெறுக்கிறான், ஆனாலும் விதியை மீற அவனால் முடியாது. நம் எமனிடம் விதி இருக்கிறது, வார்த்தையும் இருக்கிறது. இரண்டும் மோதும்போது வார்த்தை பெரிது என்று ஒப்புக்கொள்கிற எமன் அவன். எனக்கு லாங்கின் படம் பெரிய கலையாகப் படுகிறது. ஆனால் வீட்டில் சாவு விழுந்த வாரத்தில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டால் சாவித்திரியைத்தான் சொல்வேன்.

* * *

இப்போது 1941.

ஒய்.வி. ராவ் அப்போது பெயர் பெற்ற டைரக்டர். கன்னடத்தின் முதல் பேசும்படமான ‘சதி சுலோசனா’வை 1934ல் எடுத்தவர். 1937ல் தியாகராஜ பாகவதரை வைத்து மதுரை ராயல் டாக்கீஸுக்கு எடுத்த ‘சிந்தாமணி’ ஒரே தியேட்டரில் ஓராண்டைத் தாண்டி ஓடியது. அவர் ‘சாவித்திரி’யைக் கையில் எடுத்தார். சத்தியவான் அவரே. சாவித்திரி யார்?

சாந்தா ஆப்தே.

பெயரைக் கேட்டதும் தமிழ்ப் பட உலகில் யாராவது புருவத்தை உயர்த்தியிருந்தால் நியாயம்தான். மராத்திப் பெண். தமிழ் தெரியாது. அதைவிடப் பெரிய விஷயம், அவர் எதற்குப் பேர்போனவர் என்பது.

1937ல் சாந்தாராம் இயக்கிய ‘குங்கூ’, இந்தியில் ‘துனியா ந மானே’. ஏமாற்றி ஒரு கிழவருக்குக் கட்டிவைக்கப்பட்ட இளம்பெண், அந்தக் கல்யாணத்தை ஏற்கவே மறுக்கிறாள். அவரைக் கணவனாக நெருங்க விடுவதில்லை. கடைசியில் கிழவர்தான் தலைகுனிகிறார். அந்தப் பெண்தான் சாந்தா ஆப்தே. திரைக்கு வெளியிலும் அதே ஆள்தான். 1939ல் தன்னைக் கட்டிப்போட்ட ஒப்பந்தத்தை எதிர்த்து புனேயில் பிரபாத் ஸ்டூடியோ வாசலில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மறு ஆண்டு, சினிமாவில் சேரலாமா என்று கேட்டு மராத்தியில் ஒரு புத்தகமே எழுதினார்.

கணவனே வேண்டாம் என்ற முகம், கணவனுக்காக எமன் பின்னால் ஓட வேண்டும்.

அவர் ஏறக்குறைய ஓராண்டு தமிழ் படித்தார் என்று திரைப்பட வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இரவல் குரல் வேண்டாம் என்று சொந்தக் குரலிலேயே பேசிப் பாடினார். சத்தியவானுக்கு நாரதர் கொடுத்த கெடுவும் ஓராண்டுதான். இது தற்செயல். ஆனால் மேனி சிலிர்க்காமல் இருக்கவில்லை.

* * *

நாரதர் என்றேன்.

படத்தின் விதியை அறிவிக்கும் பாத்திரம் அது. ஒரு வருஷம்தான் என்று அரண்மனையில் சொல்லிவிட்டுப் போகிற ஆள். மேடையில் தம்பூராவும் சப்ளாக்கட்டையுமாக வந்து கலகம் மூட்டிப் போகிற வேடம் என்றுதான் தமிழர்களுக்கு நாரதர் பழக்கம். ஒய்.வி. ராவ் அந்த வேடத்துக்குக் கேட்டது எம்.எஸ். சுப்புலட்சுமியை.

எம்.எஸ். அப்போது இருந்த இடத்தைச் சொல்லாமல் அந்தக் கேள்வியின் கனம் புரியாது.

1938ல் கே. சுப்ரமணியம் எடுத்த ‘சேவாசதனம்’ அவரது முதல் படம். பிரேம்சந்தின் நாவல். அதிலும் கதாநாயகி சுமதி வயதானவருக்கு வாழ்க்கைப்பட்டுச் சந்தேகத்தால் வீட்டை விட்டுத் துரத்தப்படும் இளம்பெண். கிழக் கணவராக எப்.ஜி. நடேசய்யர். அதாவது புனேயில் சாந்தா ஆப்தே கிழவரை எதிர்த்து நின்ற மறு ஆண்டே சென்னையில் எம்.எஸ். கிழவரால் துரத்தப்பட்டார். 1940ல் ‘சகுந்தலை’. ஜி.என். பாலசுப்ரமணியம் துஷ்யந்தன், டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன். அந்த ஆண்டு ஜூலை 10ல் திருநீர்மலையில் சதாசிவத்தோடு கல்யாணம்.

மறுபக்கம் கல்கி. 1939ல் வந்த ‘தியாகபூமி’ அவர் கதை. ஆனந்த விகடனில் படத்தின் ஸ்டில்களோடு தொடராக வந்து, ஊரே அதைப் பற்றிப் பேசியது. அந்தக் கதையின் நாயகி பெயர் என்ன தெரியுமா?

சாவித்திரி.

எஸ்.டி. சுப்புலட்சுமி நடித்த அந்தச் சாவித்திரியைக் கணவன் கைவிடுகிறான். பிறகு அவள் செல்வச் சீமாட்டியாக உயர்ந்ததும் சேர்ந்து வாழ வேண்டும் என்று கோர்ட்டுக்குப் போகிறான். அவள் சேர மறுக்கிறாள். வேண்டுமானால் உனக்கு நான் ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். ஆங்கில அரசு பின்னால் அந்தப் படத்துக்குத் தடை போட்டதற்குக் காரணம் அதிலிருந்த காங்கிரஸ் வாடை. ஆனால் பல வீடுகளில் ஆண்களுக்கு உறுத்தியது ஜீவனாம்சம்தான் என்று நான் நினைக்கிறேன்.

மூன்று ஆண்டுகள், மூன்று படங்கள். மூன்றிலும் கல்யாணம் கூண்டில் நிற்கிறது, பெண் சாட்சி சொல்கிறாள். இந்தப் பெண்களைப் பார்த்துப் பழகிய கண்களோடுதான் 1941ல் ஜனங்கள் ‘சாவித்திரி’க்கு டிக்கெட் வாங்கினார்கள்.

* * *

1940 அக்டோபரில் வினோபா தொடங்கிவைத்த தனிநபர் சத்தியாக்கிரகத்தில் தமிழ்நாட்டிலும் ஒவ்வொருவராகச் சிறை போய்க்கொண்டிருந்தார்கள். கல்கியும் போனார். விகடனோடு உறவு முறிந்தது. அதே விகடனில் விளம்பரப் பிரிவைக் கவனித்த சதாசிவமும் வெளியே வந்துவிட்டார். இரண்டு நண்பர்களிடமும் புதுப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கும் எண்ணம் இருந்தது. எழுத ஆள் இருந்தார், நடத்த ஆள் இருந்தார்.

பணம் இல்லை.

பணம் இருந்த ஒரே இடம் எம்.எஸ்ஸின் குரல். ஒய்.வி. ராவ் கேட்டது அந்த நேரத்தில்தான்.

இதை ஒரு நிமிடம் எம்.எஸ். பக்கமிருந்து பாருங்கள். வயது 24. ‘சகுந்தலை’யில் கதாநாயகியாக நடித்து முடித்த சூடு ஆறவில்லை. அடுத்த படத்தில் கதாநாயகி வேறொருத்தி. அவளும் வடக்கேயிருந்து வந்து தமிழ் கற்றுக்கொண்டு பாடப்போகிறவள். தமிழ்நாட்டின் ஆகச் சிறந்த குரல், ஜடாமுடி வைத்துக்கொண்டு ஆண் வேடத்தில் வந்து போக வேண்டும்.

பெண் ஆண் வேடம் கட்டுவது புதிதா என்றால் இல்லை. அதற்கு முன்னுதாரணம் இருந்தது, அதுவும் இந்தத் தொடருக்கு மிகவும் நெருக்கமான ஒன்று. நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பர் 2ல் இறந்தார். வயது 27. அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாள் வெள்ளைப் புடவை உடுத்தினார். இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். ஜோடி இல்லாத வேடம் என்பதால்தான் ‘நந்தனார்’ சாத்தியமாயிற்று. 1935ல் அந்தப் படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். நாடே வாய்பிளந்தது. அந்த லட்சத்தைத் தெற்கே போகிற வழியில் யாரிடமாவது நீட்டிப் பேரம் பேச முடிந்திருந்தால், நந்தனார் வேடமே தேவைப்பட்டிருக்காது.

சரி, எம்.எஸ். என்ன சொன்னார்? வீட்டில் முடிவெடுப்பவர் சதாசிவம். அதை எம்.எஸ். வாழ்நாளில் ஒருபோதும் மறைத்ததில்லை. முடிவு எடுக்கப்பட்டது. எம்.எஸ். நாரதர் ஆனார்.

படத்தின் வினோதம் இங்கேதான். சாவுச் செய்தியைச் சொல்ல வந்த குரல், அந்தத் தலைமுறை கேட்ட குரல்களிலேயே இனிமையானது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் சாவு கூச்சலாக வந்தது. முப்பது நாற்பது வருஷத்துக்குள் அது ராகமாக வந்தது. ஜனங்கள் அதைக் கேட்கக் காசு கொடுத்துப் போனார்கள். எமனைப் பார்த்து நடுங்குவதை விட்டுவிட்டு, அவனுடைய தகவலைச் சாவகாசமாக உட்கார்ந்து கேட்கவும், ஒரு பெண் அவனை மடக்குவதைப் பார்க்கவும் தமிழ் ரசிகன் தயாராகிவிட்டான்.

சாந்தா ஆப்தேயையும் எம்.எஸ்ஸையும் போட்டியாக நிறுத்திப் பேசுவது வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. இரண்டு பேருமே முந்தைய படங்களில் கிழவர்களுக்குக் கட்டிவைக்கப்பட்டவர்கள். இந்தப் படத்தில் ஒருத்தி விதியைச் சொல்கிறாள், இன்னொருத்தி அதை மாற்றுகிறாள். தமிழ்ப் படங்களில் இதைப் போன்ற ஏற்பாடு அடிக்கடி அமைந்ததில்லை.

* * *

1941 ஆகஸ்ட் 1. ‘கல்கி’ முதல் இதழ் கடைக்கு வந்தது.

நாரதர் வேடத்துக்குக் கிடைத்த பணம் அதன் முதலீடாயிற்று. அதன் பக்கங்களில்தான் ‘பார்த்திபன் கனவு’ வந்தது, ‘சிவகாமியின் சபதம்’ வந்தது, 1950 முதல் ‘பொன்னியின் செல்வன்’ வந்தது. அடுத்த இதழ் எப்போது வரும் என்று கடை வாசலில் ஜனங்களை நிற்கவைத்த வரலாற்றுத் தொடர் என்ற சங்கதி நிலைபெற்றது அங்கேதான். உங்களை இப்படி வாராவாரம் நடுவழியில் நிறுத்திவிட்டுப் போகும் பாவத்தில் எனக்குள்ள பங்கும் அங்கிருந்து வந்ததுதான். ‘தியாகபூமி’ச் சாவித்திரியைக் கணவனோடு போகமாட்டேன் என்று சொல்லவைத்த எழுத்தாளருக்கு, கணவனை எமனிடமிருந்து மீட்ட சாவித்திரி பத்திரிகை வாங்கிக் கொடுத்தாள்.

எம்.எஸ். அதற்குப் பிறகு ஒரே கதையில்தான் நடித்தார். ‘மீரா’. 1945ல் தமிழிலும் 1947ல் இந்தியிலும். அதிலும் கணவன் இருக்கிறான், அவள் தேடுவது வேறொருவனை.

இன்னொரு செய்தி. அதே ஆண்டுகளில், எங்கள் மலையிலிருந்து அரை நாள் பயணத் தொலைவிலிருக்கும் புதுச்சேரியில், ஸ்ரீ அரவிந்தர் ஆங்கிலத்தில் ஒரு காவியத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார். பெயர் ‘சாவித்திரி’. அதிலும் ஒரு பெண் மரணத்தோடு பக்கம் பக்கமாக வாதாடுகிறாள். 1950ல் மறையும்வரை அவர் அதை விடவில்லை. ஒரே நேரத்தில் ஒரு டைரக்டர் காமிராவுக்கு முன்னாலும், ஒரு யோகி மூடிய அறைக்குள்ளும் அதே பெண்ணைத் தெற்கே நடக்கவைத்திருக்கிறார்கள். உலகம் இரண்டாவது போரில் எரிந்துகொண்டிருந்தது என்பதைத் தவிர, அதற்கு நான் வேறு விளக்கம் தேடவில்லை.

* * *

ஒரு முடிச்சு மட்டும் பாக்கி.

1933ல் தெலுங்கில் முதன்முதலாகச் சாவித்திரியைப் பேசவைத்தவர் சி. புல்லையா என்று மேலே சொன்னேன். கக்கய்யாவின் எமனைக் கண்டு குழந்தைகள் அம்மா முந்தானைக்குள் ஒளிந்த படம். அதே புல்லையா 27 ஆண்டுகள் கழித்து, 1960ல், மறுபடியும் எமலோகத்துக்குப் போனார். தெலுங்கில் என்.டி. ராமராவோடு ‘தேவாந்தகுடு’. தமிழில் தங்கவேலு, சௌகார் ஜானகியோடு ‘நான் கண்ட சொர்க்கம்’.

இந்த முறை எமலோகத்தில் யாரும் நடுங்கவில்லை, தருமம் பேசவும் இல்லை. தங்கவேலு உள்ளே நுழைந்தார், தியேட்டர் சிரித்தது. எமனிடம் வரம் கேட்டு நடந்த சாவித்திரி போய், எமன் நாற்காலியையே ஆட்டிப்பார்க்கும் ஆள் வந்துவிட்டான். 1980ல் சிவாஜி ‘யமனுக்கு யமன்’ ஆகும்வரை அந்தச் சிரிப்பு ஓயவில்லை.

எமனைப் பார்த்து ஊரை அலறவைத்த அதே கை, எமனைக் கோமாளியாக்க ஏன் துணிந்தது? அந்த 27 ஆண்டுகளுக்குள் நம் ஜனங்களுக்கும் சாவுக்கும் இடையே என்ன நடந்தது?

(தொடரும்)